நாக்கில் ஒட்டிய துண்டு

தண்ணீர் பாட்டிலின் வாய் ஈரமாக இருந்தது. வெறும் ஈரமென்றால் கலைமதி துடைத்துவிட்டுக் குடித்திருப்பாள். இது வழவழவென்று விரலில் ஒட்டியது. விரலை எடுத்தபோது மெல்லிய நூல் ஒன்று கூடவே வந்து அறுந்தது. முகர்ந்து பார்த்தாள். விடிந்து பல் விளக்காத வாயின் வாடை. தன் வாயாக இருந்தாலே சகிக்காத வாடை, இதுவோ யாருடைய வாய் என்றே தெரியவில்லை. சுடிதாரில் துடைக்க மனமில்லாமல் விரலை மேஜையின் அடிப்பலகையில் அழுந்தத் தேய்த்தாள்.

"பிரசாந்த், என் பாட்டில்ல வாய் வச்சுக் குடிச்சியா?"

எதிர் மேஜையில் பானை ஓடுகளைப் பிரஷ்ஷால் தட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். அவளுடன் எம்.ஏ. வரலாறு படிப்பவன். "நான் எதுக்கு ஒன் பாட்டில எடுக்கப் போறேன்? நமக்கு அண்ணாந்து குடிச்சுத்தான் பழக்கம். வாய் வச்சா எங்கம்மா செவுள்லயே விடும்."

அது உண்மைதான். பிரசாந்த் சொம்பைத் தூக்கிக் குடித்தால் சட்டையில் ஒரு சொட்டு விழாது. வேறு யார் இருக்கிறார்கள்? காட்சிக்கூடத்தின் பொறுப்பாளர் ராஜலட்சுமி மேடம் பேனர் அடிக்கக் காலையிலேயே புதுக்கோட்டைக்குப் போய்விட்டார். கட்டடத்துக்குள் இவர்கள் இரண்டு பேர்தான். கலைமதி பாட்டிலை வெளியே கொண்டுபோய் வேலியோரம் கவிழ்த்தாள். கடைசித் தண்ணீரோடு ஒரு சோற்றுப் பருக்கை வந்து விழுந்தது. பாதி மென்ற பருக்கை. அவள் காலையில் சாப்பிட்டது இட்லி.

காட்சிக்கூடம் என்பது அன்னவாசலுக்கு வெளியே இருந்த பழைய ரைஸ் மில். ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டு, சுவருக்கு வெள்ளையடித்து, வட்டாரத்தில் கிடைக்கும் பழைய பொருள்களை வைத்து மக்களுக்குக் காட்டப் போகிறது. வெள்ளையடித்தாலும் தவிட்டு வாடை போகவில்லை. வெயில் ஏறியதும் சுவர் முழுக்க நெல் அவிக்கும் புளித்த நெடி கசியும். இங்கேதான் இருவருக்கும் இன்டர்ன்ஷிப். பப்ளிக் ஹிஸ்டரி என்று கல்லூரி அதற்கு அழகாகப் பெயர் வைத்திருந்தது. நடைமுறையில் ஒட்டடை அடிப்பது, பொருள்களைத் துடைப்பது, பொருளுக்கு முன்னால் வைக்கும் அட்டையில் நாலு வரி எழுதுவது, பார்க்க வருகிறவர்களிடம் பேசிப் பழகுவது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றாலும் கலைமதிக்கு அது பெரிய விஷயம். படிக்கும்போதே இரண்டு இடங்களில் நேர்காணலுக்குப் போயிருந்தாள். இரண்டிலும் ஒரே கேள்வி, எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா. வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும், வயிற்றிலிருந்து வரும்போதே கொண்டுவர முடியுமா என்று திரும்பி வரும் பஸ்ஸில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே ராஜலட்சுமி மேடம் முதல் நாளே உடைத்துச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு கைடு வேலை, சம்பளத்தோடு. திறப்பு விழா அன்று இந்த இரண்டு பேரில் யார் மக்களைப் பிடித்து நிறுத்திப் பேசுகிறார்களோ அவர்களுக்கு. கலைமதிக்கு இருந்த ஒரே சொத்து வாய். மீமிசலில் கருவாடு விற்கும் அம்மாவிடமிருந்து வந்த வாய். போகிறவனை நிறுத்தி, வேண்டாம் என்றவனை வாங்க வைக்கும் வாய். அந்த வேலை கிடைக்காவிட்டால் அந்த வாயை வைத்துக்கொண்டு அவளும் கருவாட்டுக் களத்திலேயே உட்கார வேண்டியதுதான்.

கருவாட்டுக் களத்தில் வளர்ந்தவள் என்பதால் அவளுக்கு எந்த நாற்றமும் எளிதில் குமட்டாது. ஊரே மூக்கைப் பொத்தும் இடத்தில் சம்மணம் போட்டுச் சோறு தின்றவள். ஆனால் பாட்டிலின் வாடை அவளுக்கே குமட்டியது. ஏனென்றால் அதை அவள் ஏற்கெனவே ஒருமுறை ருசித்திருந்தாள்.

தாழி வந்ததிலிருந்துதான் எல்லாம். பக்கத்து ஊரில் ஒரு விவசாயி வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியபோது தட்டுப்பட்டது. அதிகாரிகள் வந்து பார்த்து, எழுதிக்கொண்டு, காட்சிக்கூடத்தில் வைக்க அனுமதித்தார்கள். பழங்காலத்தில் செத்தவரை முழங்கால் மடக்கி உட்கார வைத்துப் புதைத்த பானை அது. இடுப்பு உயரம், கருஞ்சிவப்பு, வாயில் ஒரு தலை நுழையும் அகலம், மேலே மூடியாக ஒரு பலகைக் கல். உள்ளே பாதி மண் அப்படியே இருந்தது. மேல்மண்ணோடு வந்த சில்லுகளைத் தட்டில் பரப்பி, எது எலும்பு, எது கல், எது பானை ஓடு என்று பிரிக்கும் வேலையை மேடம் இவர்களிடம் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு துண்டு மட்டும் பிடிபடவில்லை. விரல் நீளம், லேசான வளைவு, தேன் நிறம். பிரசாந்த் கல் என்றான். கலைமதி எலும்பு என்றாள். மேடம் வந்ததும் யார் சொன்னது சரி என்று பார்ப்பார். பார்த்து மனத்தில் வைத்துக்கொள்வார். அது இருவருக்கும் தெரியும்.

அகழாய்வுக் களத்துக்குப் போய்வந்த சீனியர்கள் ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாக்கு நுனியில் வைத்துப் பார், கல் வழுக்கிவிடும், எலும்பில் நுண்ணிய துளைகள் இருக்கும், ஒட்டும். பழைய ஆட்களின் பழக்கம். செய்யக்கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எச்சில் பட்டால் அந்தப் பொருள் ஆய்வுக்கு ஆகாது, உங்கள் உடம்புக்கும் ஆகாது. கலைமதி வாசலைப் பார்த்தாள். துண்டை எடுத்தாள். நாக்கை நீட்டினாள்.

ஒட்டியது. ஈரம் பட்ட பிளாட்டிங் பேப்பர் மாதிரி லேசாக ஒட்டும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இது கவ்வியது. மண்ணின் சுவை வருமென்று அவள் காத்திருக்க, வேறொருவரின் வாய் வந்தது. ஊறிய, புளித்த, கொஞ்சம் இனித்த, இன்னும் சூடு ஆறாத எச்சில் அவள் நாக்கின் மேல் பரவி, கடைவாய்ப் பற்கள் வரை போய், அங்கே தடவிப் பார்த்தது. ஆமாம், தடவித்தான் பார்த்தது, ஒவ்வொரு பல்லாக. அவள் துண்டைப் பிய்த்து எடுத்தாள். நாக்கு நுனி சுள்ளென்றது. துண்டின் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் தோல் ஒட்டியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளே உறிஞ்சப்பட்டுக் காணாமல் போனது.

"எச்சிப் பண்ணிட்டியா?" பிரசாந்த் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "செத்தவனோட எச்சி கலந்தாச்சு. இனிமே கல்யாண வீட்டுப் பொண்ணு மாப்ள மாதிரி ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிட வேண்டியதுதான்."

மேடம் வந்து பார்த்துவிட்டு, எலும்புதான், கீழ்த்தாடைத் துண்டு என்றார். "ஒனக்கு நல்ல கண்ணும்மா." கலைமதி நாக்கைப் பற்றிச் சொல்லவில்லை. பிரசாந்தும் காட்டிக்கொடுக்கவில்லை. அன்று முழுக்க வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். சந்தோஷம்தான். ஆனால் எச்சிலை விழுங்க மட்டும் முடியவில்லை. விழுங்கினால் தன்னுடையதல்லாத ஒன்றை விழுங்குவது போலிருந்தது.

பிறகுதான் பாட்டில்.

அதற்குப் பிறகு டிபன் பாக்ஸ். மதியம் மூடியைத் திறந்தாள். தயிர்சாதம் காலையில் அமுக்கி வைத்தது போலவே இருந்தது, மேல்பரப்பு மட்டும் தட்டையாக, மினுமினுவென்று. கரண்டியால் தடவினால் அப்படி வராது. அகலமான கோடுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஓரத்திலிருந்து ஓரம் வரை. பூனை கிண்ணத்தை நக்கினால் வருமே, அந்தக் கோடுகள். ஆனால் மூடியின் நாலு பக்கக் கிளிப்பும் போட்டிருந்தது. சாதத்தின் நடுவில் ஒரு குழி, அதில் எச்சில் தேங்கி நின்றது. குழியின் அடியில் கறிவேப்பிலை ஒன்று சப்பிச் சக்கையாகிக் கிடந்தது. கலைமதி வெளியே ஓடிப்போய் ஓங்கரித்தாள். ஒன்றும் வரவில்லை, வறண்ட காற்றுதான் வந்தது.

"மசக்கையா?" என்று கேட்டான் பிரசாந்த். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். தன் சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் வைத்து நகர்த்தினான். அவனுடைய அம்மா வைத்த புளிக்குழம்பு. கலைமதி ஒரு கவளம் வாயில் போட்டாள். மெல்ல ஆரம்பிக்கும் முன்பே அது கூழாக இருந்தது. யாரோ நன்றாக மென்று, சாரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டு, வெதுவெதுப்பாகத் திரும்ப அவள் வாய்க்குள் துப்பியது போல. புளியும் இல்லை, உப்பும் இல்லை. பசிக்காக விழுங்கினாள். அன்றிலிருந்து எதைத் தின்றாலும் அதே கதைதான்.

தட்டுகள் இருந்த அலமாரியை அவள் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். திறந்த போதெல்லாம் மற்றத் துண்டுகள் மண் உதிர வறண்டு கிடக்க, அந்தத் தேன் நிறத் துண்டு மட்டும் நனைந்து கிடந்தது. அதைச் சுற்றித் தட்டில் சின்னக் குளம். ஒருமுறை டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, வேண்டாம் வேண்டாம் என்று மனம் சொல்லியும் முகர்ந்தாள். வாய் வாடைதான். ஆனால் இப்போது அதற்குள் கிராம்பு மணம் இருந்தது. அவள் பல் விளக்கும் பேஸ்ட்டின் மணம். அவள் வாயில் அந்த மணம் ஒரு வாரமாக இல்லை.

அம்மா சொர்ணவல்லி வாளைக் கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் ஊற்றி, மீமிசல் பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். பிரசாந்த் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொண்டு வந்தான். போனில் அம்மா கேட்டாள். "என்னத்தா, குழம்பு எப்படி இருக்கு?"

"நல்லாருக்குமா."

"காரம் தூக்கலாப் போச்சேன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, சரியாத்தான் இருக்கு." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. எரியும் குழம்பு அது, மணத்திலேயே கண்ணில் நீர் வர வேண்டும். அவள் வாயில் ஈர மண். கருவாட்டுத் துண்டு பஞ்சு போல நாக்கில் கிடந்தது, முள்கூட இல்லை. வாளைக்கு முள் இல்லாமல் இருக்குமா. விரலால் பிரித்துப் பார்த்தாள். தட்டில் இருந்த ஒரு துண்டிலும் முள் இல்லை.

மாலையில் பேச்சு ஒத்திகைக்காகத் தாழியின் முன் நின்றபோது அந்த மணம் அவளைத் தாக்கியது. கருவாட்டுக் குழம்பு. அம்மா கைப்பக்குவம், வறுத்த மிளகாய், கத்தரிக்காய், நல்லெண்ணெய், அப்படியே. மூடிக்கல்லின் இடுக்கு வழியாக வந்தது. உள்ளே சப்தமும் இருந்தது. முதலில் எலி என்று நினைத்தாள். எலி என்று நினைக்க ஆசைப்பட்டாள். எலி கொறிக்கும். இது நிதானமாக, ருசித்து, கன்னத்தில் ஒதுக்கி, சப்பி, ஒவ்வொரு முள்ளாக உறிஞ்சும் சப்தம். பந்தியில் சிலர் சாப்பிடும்போது பக்கத்தில் உட்கார முடியாதபடி வருமே, அந்த அசிங்கமான சப்தம். அவள் கல்லை ஒரு விரற்கடை நகர்த்தினாள். சப்தம் நின்றது. போன் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே மண்ணின் மேல், வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டுச் சதைகூட ஒட்டாமல், வாளை முள்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

அவள் கல்லைத் தள்ளி மூடினாள். பயத்தைவிட அருவருப்புதான் அதிகம். அவள் அம்மா அவளுக்காக வைத்த சோற்றை, அவளுக்கு முன்னால், அவள் நாக்கைக் கொண்டே தின்கிறது. இத்தனை காலம் மண்ணுக்குள் பட்டினி கிடந்த ஒன்றுக்கு அவளே தன் எச்சிலைக் கொடுத்து ருசி காட்டிவிட்டாள். வீட்டில் அம்மா அவள் மிச்சம் வைத்ததைத் தயங்காமல் எடுத்துச் சாப்பிடுவாள். எச்சில் கலந்தவர்களுக்குள் கூச்சம் ஏது. இதுவும் கூச்சமில்லாமல்தான் சாப்பிடுகிறது.

மறுநாள் பேச்சே குழற ஆரம்பித்தது. ழகரம் வரவில்லை. நாக்கு பலகை போல விறைத்து, பற்களில் இடித்தது. மேடம் உற்றுப் பார்த்தார்.

"என்னம்மா, காய்ச்சலா? மொகமே சரியில்ல."

"நாக்கு ஒரு மாதிரியா இருக்குங்க மேடம்."

"சூடா இருக்கும். எளநி குடி. நாளைக்கு விழா, ஞாபகம் இருக்குல்ல? முடியலன்னா சொல்லிரு, பிரசாந்தப் பேச வச்சுக்கலாம். தப்பா நெனச்சுக்காத, வர்றவங்க முன்னாடி எனக்கு அசிங்கமாயிரக் கூடாது."

முடியாது என்று சொல்லிவிட்டு அன்று மாலையே மீமிசல் பஸ் ஏறியிருக்கலாம். அவள் அதைத்தான் நினைத்தாள். நினைத்ததும் நேர்காணல் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் ஞாபகம் வந்தன. எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா. "பேசிருவேங்க மேடம்," என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கே உதடு வலித்தது.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. எச்சில் பட்ட துண்டை வெளியே வைத்திருப்பதால்தானே இது. அதை அதன் இடத்திலேயே போட்டுவிட்டால், அதனுடையதை அதனிடம் கொடுத்துவிட்டால், கணக்குத் தீர்ந்தது. தட்டில் ஒரு துண்டு குறைவதை விழா அவசரத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்?

பொழுது சாயும் நேரம். மேடமும் பிரசாந்தும் வாசலில் பந்தல்காரர்களோடு பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அங்கிட்டு இழு, இன்னும் கொஞ்சம், இங்கிட்டுத் தொங்குது பாரு" என்று மேடத்தின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குத் தைரியம் கொடுத்தது. துண்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்தாள். டிஷ்யூ உடனே நனைந்து கையோடு ஒட்டியது. மூடிக்கல்லை நகர்த்தினாள். வெயில் மங்கிய ஜன்னல் வெளிச்சம் தாழியின் கழுத்து வரைதான் போனது, அதற்குக் கீழே கருப்பு, அந்தக் கருப்பிலிருந்து சாப்பிட்டு முடித்த ஒருவரின் மூச்சு போல வெதுவெதுப்பாக, கருவாடும் கிராம்பும் கலந்து, சீராக ஏறி இறங்கி வந்து அவள் முகத்தில் பட்டது.

மேலிருந்து போட்டால் உடைந்துவிடும். ஆழத்தில் புதைக்க வேண்டும். கையை உள்ளே விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. கன்னம் விளிம்பில் அழுந்தியது. விரல் மண்ணைத் தொட்டது. மண் சேறாக இருந்தது. துண்டை அழுத்தினாள்.

ஏதோ ஒன்றில் அது பொருந்தியது. கச்சிதமாக. டக்கென்று ஒரு சின்னச் சப்தம்.

கையை எடுத்துவிட்டிருக்க வேண்டும்.

உள்ளங்கையில் ஈரம் பட்டது. சூடாக. சொரசொரப்பாக. மெதுவாக மேலே வந்தது. மணிக்கட்டு. நாடி துடிக்கும் இடம். அங்கே நின்றது. சுவைத்தது. திரும்பக் கீழே போனது. விரல் இடுக்குகள். ஒவ்வொன்றாக.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய்க்குள் நாக்கு அசையவில்லை.

அசைந்தது அங்கே.

எப்படிக் கையை உருவினாள், எப்படித் தங்கியிருந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. கையை சோப்புப் போட்டுத் தோல் எரியும் வரை தேய்த்தாள். பிரசாந்த் வாசலில் "ஏ கலை, சொல்லாமப் போற" என்று கூப்பிட்டது மட்டும் காதில் இருந்தது.

விடிந்ததும் கண்ணாடி முன் நின்றாள். வாயைத் திறந்து பார்க்கத் தைரியமில்லை. தண்ணீர் குடித்தாள், தொண்டைக்குள் போனது, வாய் நனையவில்லை. எச்சிலே ஊறவில்லை. காய்ந்த வயலில் ஊற்றியது போல இழுத்துக்கொண்டது. ஆனாலும் புடவை கட்டினாள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு, பிரசாந்த் பேசுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கப் போவதில்லை. நின்றுவிட்டால் வார்த்தை தானாக வரும், எத்தனையோ முறை வந்திருக்கிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். கைப்பையில் எலுமிச்சை மிட்டாய்கள் போட்டுக்கொண்டாள்.

காட்சிக்கூடம் நிரம்பியிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து ரிப்பன் வெட்டினார். அன்னவாசல் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். தாழியைச் சுற்றிச் சிவப்புக் கயிறு கட்டி, மூடிக்கல்லைப் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தார்கள், உள்ளே எட்டிப் பார்க்க வசதியாக. மேடம் அவளைப் பார்த்துக் கண் காட்டினார். ஆரம்பி.

கலைமதி ஓரடி முன்னால் வந்தாள். எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின. அவள் கை கூப்பினாள்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றது அவள் குரல்.

தெளிவாக. கணீரென்று. அவளுக்கு உயிர் வந்தது. அப்பாடா, வந்துவிட்டது.

"நீங்க பாக்குற இந்தத் தாழிக்குள்ள ஒருத்தர் ரொம்பக் காலமா உக்காந்திருந்தாரு. அவருக்கும் ஒரு பேரு இருந்திருக்கும். பிடிச்ச சாப்பாடு இருந்திருக்கும்."

அவள் எழுதிய வரிகள். அவள் ஏற்ற இறக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் மட்டும் ஒரு ஈரச் சப்தம், உதட்டை நக்கிக்கொள்வது போல. பிரசாந்த் அவளையே பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமில்லை. அப்போதுதான் அவள் கையை வாய்க்குக் கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள்.

உதடுகள் மூடியிருந்தன.

"அவருக்கு இப்பவும் பசிக்குது," என்றது குரல், தாழிக்குள்ளிருந்து.

பிள்ளைகள் சிரித்தார்கள். அதிகாரி தலையை ஆட்டி ரசித்தார். உள்ளே ஸ்பீக்கர் வைத்திருக்கிறார்கள், நல்ல ஐடியா என்று யாரோ சொன்னார்கள். குரல் பேசிக்கொண்டே போனது. பேசிக் கூட்டத்தைக் கட்டிப் போட்டது. போகிறவனை நிறுத்தும் வாய், வேண்டாம் என்றவனை வாங்க வைக்கும் வாய். ஒருத்தரும் நகரவில்லை. கலைமதி கூப்பிய கையோடு நின்றாள். ஓட வேண்டும். கால் வரவில்லை. பேச்சு முடிந்ததும் கைத்தட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது.

மேடம் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "எங்கிட்டகூடச் சொல்லாம இப்பிடியொரு ஏற்பாடா? வேல ஒனக்குத்தாம்மா. ரிப்பன் வெட்டுன ஐயாவும் சொல்லிட்டாரு. நாளைக்கே ஆர்டர்."

பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்துப் பிட்டார். "வாயத் தொற."

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம். மேடம் சிரித்துக்கொண்டே விரலால் அவள் உதட்டைப் பிரித்து லட்டைத் திணித்தார். தாடை தானாக அசைந்தது. மென்றது. உள்ளே ஈரமில்லை. ருசியில்லை. அவள் வாயின் ஓரத்திலிருந்து மண் உதிர்ந்தது. காய்ந்த, செம்மண். மேடத்தின் விரல்களில். புதுப்புடவையில். நிற்காமல்.

மேடம் கையை இழுத்துக்கொண்டார்.

தாழிக்குள் யாரோ லட்டைச் சப்பினார்கள். முந்திரியைக் கடித்தார்கள். விழுங்கினார்கள்.

"ரொம்ப நன்றிங்க மேடம்," என்றது கலைமதியின் குரல், வாய் நிறைய. "நாளையிலேருந்தே வாரேன். இன்னும் கொஞ்சம் குடுங்க."

தாழியின் உள்விளிம்பில் சிவந்த, தடித்த நாக்கு ஒன்று ஏறி வந்தது. பூந்தி ஒட்டிய அது விளிம்பைச் சுற்றி நிதானமாக நக்கிக்கொண்டு போனது. வரிசையில் முதலாவதாக நின்ற பள்ளிக்கூடத்துச் சிறுமி, தன் கையிலிருந்த லட்டை அதன் பக்கமாக நீட்டினாள்.